நிலுவை

பத்திநாதர்: நானூறு பிராங்க்.
கட்டியது அறுபது.
மிச்சம் முந்நூற்று நாற்பது என்று
சிவப்புப் பேனையால் எழுதி வைத்திருந்தேன்.
என் கையெழுத்து நல்ல கையெழுத்து.
பகல் முழுக்க மணிக்கூட்டுத் தொழிற்சாலையில்
எள்ளிலும் சிறிய திருகாணி பொறுக்கும் கை;
ஒரு சதம் பிசகாது.

மாதாவுக்கு முடி செய்கிறோம்,
ஆவணித் திருநாளுக்கு முன்,
வெள்ளியில், பொன்முலாம் பூசி.
அறுபத்தொரு குடும்பம், அறுபத்தொரு வரி.
கோவில் எங்களுக்கு இரவல்தான்:
பிரெஞ்சுப் பூசை முடிந்து
அவர்களின் மெழுகுதிரிப் புகை கலையுமுன்
தமிழ்ப் பூசை தொடங்கும்.
முடியாவது சொந்தமாய் இருக்கட்டும் என்றார்கள் கூட்டத்தில்.
நானும் கை உயர்த்தினேன்.

ஐந்து ஞாயிறு அவர் வரவில்லை.
கடைசி வாங்கில் வெறுமையாய்க் கிடந்ததால்
தெரியவந்தது என்று சொல்ல ஆசைதான்.
எல்லோரும் முடித்தபின்
ஒரு நொடி பிந்தி வரும் அந்த 'ஆமென்'
கேளாமல் போனதால் என்றும் சொல்லலாம்.
இல்லை.
கூட்டல் சரிவரவில்லை, அதனால்தான்.

இரண்டு பாஷையில் ரயில் அறிவிக்கும் ஊர் இந்த பீல்.
இரண்டிலும் அவரை ஒருவரும் விசாரிக்கவில்லை.
மூன்றாவதில் நாங்களும்.

பெப்ரவரி. ஏரியிலிருந்து ஏறிய புகார்
தெருவிளக்குகளைத் தின்றுகொண்டிருந்தது.
தண்டவாளத்துக்குப் பின்னால், நாலாம் மாடி, லிப்ட் இல்லை.
மணியடித்தேன்.
கதவின் கீழே தெரிந்த வெளிச்சக்கோடு
அணைந்தது.

பெயர் சொல்லித் தட்டினேன்.
திறந்தவரின் வலக்கை
முழங்கைவரை கட்டுப் போட்டிருந்தது.
"வாங்கோ" வருமுன்னே வந்தது:
"தங்கச்சி, அடுத்த மாதம் கட்டாயம் தாறன்.
கையிலை ஒப்பரேசன். கோப்பை கழுவிற வேலையும் நிண்டிட்டுது..."

மாதாவின் பெயரால் படியேறி வந்தேன்.
கடன் கேட்க வந்தவளென்று
விளக்கை அணைத்துவிட்டு
இருட்டுக்குள் மூச்சடக்கி நின்றிருக்கிறான் ஒரு மனிதன்.
அவர் நினைத்ததில் பிழையும் இல்லை.
பற்றுச்சீட்டுப் புத்தகம் என் கக்கத்தில்தான் இருந்தது.

போகிறேன் என்றேன். விடவில்லை.
அடுப்பிலிருந்து சட்டியை ஒற்றைக் கையால் தூக்கியபடி
"மேசை வீட்டுக்காரன்ரை, சுடப்படாது,
கீழை ஏதும் வையுங்கோ, கெதியா" என்றார்.
கிட்ட வேறொன்றும் இல்லை.
புத்தகத்தை வைத்தேன்.

பருப்பும் சோறும். கொஞ்சம் அடிப்பிடித்த பருப்பு.
இடக்கையால் சிலுவை போட்டார்,
பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பையன்போலச் சிரித்து.
நன்றி சொல்லி முடிய
நான்தான் அன்று ஆமெனுக்குப் பிந்தினேன்.

பிறகு கேட்கத் தொடங்கினார்.
றெஜினாவின் மகனுக்கு வேலைப் பழக இடம் கிடைத்ததா?
சவிரிமுத்தர் இடப்பக்கம் சாய்ந்து இருக்கிறார், வைத்தியரிடம் காட்டினாரா?
இரண்டாம் வரிசை டிலக்ஷி
தைப்பொங்கலுக்குப் பிறகு
தோளைக் குறுக்கிக்கொண்டு இருக்கிறாள், வீட்டில் ஏதும்?
"கடைசி வாங்கிலிலை இருக்கிறவனுக்கு
எல்லாற்றை முதுகும் தெரியும் தங்கச்சி.
ராவிலை செபமாலைக்கு
ஒரு மணிக்கு ஒரு முதுகு."

எனக்கு டிலக்ஷி கட்டிய தொகை தெரியும்.

"உங்கடை முதுகும்தான்," என்றார்.
"கணக்குப் புத்தகம் தூக்கித் தூக்கி
ஒரு பக்கம் இறங்கிப்போச்சு."
சிரித்தோம். நான் சிரித்து முடிக்கவில்லை;
கண்ணைத் துடைக்கவேண்டி வந்தது.

வீட்டுக்கு வந்து
அவர் பெயருக்கு நேரே இருந்ததை வெட்டினேன்.
என் பெயருக்கு நேரே எழுதினேன்:
நிலுவை, ஐந்து ஞாயிறு.
இது எந்த வங்கியிலும் கட்டமுடியாதது.
ஆகவே செவ்வாய் தோறும் சந்தையில் மரக்கறி வாங்கி
நாலாம் மாடி ஏறுகிறேன்.
றெஜினா வெள்ளியில் போகிறாள்.
டிலக்ஷி ஒருநாள் தானாகவே வந்து
அவரிடம் என்னமோ சொல்லி அழுதாளாம்.
என்னவென்று நான் கேட்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் புத்தகத்தைப் புரட்டிய யூஜின்
முகம் சுளித்தான்:
"மட்டையிலை இதென்ன, வட்டமாய்க் கருகி?"
சட்டி வைத்தது என்றேன்.
புதுசு ஒன்று வாங்கலாமே என்றான்.
வேண்டாம் என்றேன்.

ஆவணி வந்தது. காசு முழுதாய்ச் சேரவில்லை.
மாதா வெறுந்தலையோடுதான் பவனி போனார்.
நான் கிட்ட நின்று பார்த்தேன்.
கோபமாய் இருக்கிறமாதிரித்
தெரியவில்லை.